கறுப்பு வெள்ளையில் சேமிக்கப்பட்ட பனயோத்

1

இந்தக் கதை ரொட்டிக் கடைக்கு எதிரே நிற்கும் லிண்டன் மரத்திலிருந்து எனக்குக் கிடைத்தது. மரத்தில் பனயோத் ஒட்டப்பட்டிருந்தான். கறுப்பு வெள்ளைப் படம், சுற்றிலும் கறுப்புக் கட்டம், கீழே பெயர், அதற்குக் கீழே ‘60 ஆண்டுகள்’, அதற்கும் கீழே சனிக்கிழமை, காலை பதினொன்று. தொப்பியைக் கழற்றினேன். முந்தின நாள்தான் அவன் என் சைக்கிள் பம்பை இரவல் வாங்கிப் போயிருந்தான். பம்ப் இனி வராது என்றுதான் முதலில் தோன்றியது. துக்கம் அதற்குப் பிறகு வந்தது, அதுவும் கொஞ்சம்தான்.

பல்கேரியாவில், டான்யூப் கரையில் இருக்கிற எங்கள் ஊரில் யாராவது இறந்துபோனால் படம் போட்ட தாளை வீட்டுக் கதவிலும் மரங்களிலும் பேருந்து நிழற்குடையிலும் ஒட்டுவோம். நாற்பதாம் நாளுக்கு இன்னொன்று, வருஷம் திரும்பினால் இன்னொன்று. ‘மரத்தில் ஏறிட்டான்’ என்று சொன்னால் இங்கே ஒரே அர்த்தம்தான்.

பனயோத் மரத்தில் ஏறிய அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து பம்பைத் திருப்பிக் கொடுத்தான்.

எழுதலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். எப்படித் தொடங்குவது என்பதில்தான் குழப்பம்.

முதல் தொடக்கம்: “நெவெனா ஒரே மனிதனின் மூன்று முகங்களை எதிரில் வைத்துக்கொண்டு, எது அவன் என்று…” (நன்றாக இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருக்கிறது. நிறுத்திவிட்டேன்.)

இரண்டாவது: “கேமராவுக்கு நிறம் தெரியாது. விழுந்த வெளிச்சத்தின் அளவை எண்களாக எழுதி வைக்கும், அவ்வளவுதான். அந்த எண்களை எந்த நிறவெளியில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதை…” (இந்த இடத்தில் நீங்கள் பக்கத்தைப் புரட்டினால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.)

மூன்றாவது: “சாவுக்கு நிறம் உண்டா?” (இப்படிக் கேள்வியோடு தொடங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது.)

ஆக, தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன்.

2

நெவெனாவுக்கு ஐம்பத்தைந்து வயது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் புகைப்படக் கடை. பாஸ்போர்ட்டுக்கு முகம், பள்ளிக்கூடக் குழுப்படம், மரத்துக்கு மனிதர்கள் – இந்த மூன்று வேலைதான். மூன்றில் கடைசி வேலைக்குத்தான் கிராக்கி. ஊர் காலியாகிக்கொண்டிருக்கிறது.

பனயோத் இழுவைப் படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர்ப் பாடற்குழுவில் உச்சக் குரல் அவனுடையது. அறுபது வயது நிறைவதால் பண்பாட்டு இல்லத்தில் அவனுக்குத் தனிக் கச்சேரி வைத்தார்கள். சுவரொட்டிக்குப் படம் எடுக்க வந்தவன், உட்காருவதற்கு முன்பே உண்மையான காரணத்தைச் சொல்லிவிட்டான்.

“ராலிட்சாவுக்கும் ஒண்ணு அனுப்பணும்.”

ராலிட்சா அவன் மகள். வெளிநாட்டில், வலென்சியாவில் ஒரு ஓட்டலில் வேலை. அவனோடு பேசி நான்கு வருஷம் ஆகிறது. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்த அன்று பனயோத் வேறு ஊரில் போட்டிக்குப் பாடிக்கொண்டிருந்தான். சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்தே போனானா, தெரியாமல் போனானா என்பதில் இரண்டு கட்சி உண்டு. ராலிட்சா முதல் கட்சி.

“எப்படி எடுக்கட்டும்?” என்றாள் நெவெனா.

“பாவமாவும் தெரியக் கூடாது. திமிராவும் தெரியக் கூடாது. பாத்தா வரணும்னு தோணணும்.”

“படத்தப் பாத்து யாரும் வலென்சியாவுலேந்து கெளம்பி வரமாட்டாங்க.”

“நீ எடு. வர்றது வராதது அவ பாடு.”

திராட்சைச் சிவப்பில் மேல்சட்டை, பின்னால் சாம்பல் திரை. படம் நன்றாகவே வந்தது. அவளுடைய கணினித் திரையில் பனயோத் வெயிலில் நின்று வேலை பார்த்த மனிதனாக இருந்தான். அதையே சேமித்துக் கைபேசிக்கு அனுப்பித் திறந்தபோது முகம் பழைய பாத்திரத்தைப் போல மங்கி, கொஞ்சம் பச்சையும் ஏறியிருந்தது. அச்சு எடுத்தால் கேரட் நிறம்.

“எனக்குக் கல்லீரல் போயிடுச்சா நெவெனா?”

“உனக்கு ஒண்ணும் போகல. கோப்புக்குத்தான் நோவு.”

“கோப்புக்கு வைத்தியம் பாக்கத் தெரியலன்னா கடைய மூடிட்டுத் தக்காளி நடு.”

(நோவு என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். அவளுக்கு அன்று தெரியாது. கேமராவில் நிறவெளியை அகலமானதாக வைத்திருந்தாள். பெரிய பெட்டி, நிறைய நிறம். ஆனால் சேமிக்கும்போது ‘இந்தப் பெட்டியின் அளவு இது’ என்று கோப்பில் குறித்து அனுப்ப ஒரு சின்னக் கட்டத்தில் குறி போட வேண்டும். போடவில்லை. கைபேசி தன்னிடம் இருக்கிற சின்னப் பெட்டியின் கணக்கில் அந்த எண்களைப் படித்தது. எண்கள் அதேதான், மனிதன் வேறு.)

அவள் திரும்பத் திரும்பச் சேமித்தாள். தரத்தைக் கூட்டினாள், குறைத்தாள். சேமித்த ஜேபெக் படக்கோப்பையே திறந்து மறுபடி ஜேபெக்காகச் சேமித்தாள். ஒவ்வொரு முறையும் அந்த வடிவம், கண்ணுக்குத் தெரியாது என்று தான் நினைப்பதைத் தூக்கி எறிந்துவிடும். பனயோத்தின் புருவத்தில் இருந்த தழும்பு நான்காவது சேமிப்பில் காணாமல் போயிற்று. கோப்புகளின் பெயர்கள்: பனயோத்_கடைசி, பனயோத்_கடைசி2, பனயோத்_நிஜம், பனயோத்_நிஜம்_கடைசி.

அந்த மங்கல் முகத்தையே பனயோத் பொறுமை இழந்து மகளுக்கு அனுப்பினான். “எப்படி இருக்கேன்?” என்று மட்டும் எழுதினான். பார்த்துவிட்டாள் என்பதற்கான இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை.

(நெவெனாவுக்குப் பனயோத்மேல் ஏதாவது உண்டா? உண்டு என்று ஒரு பத்தி எழுதினேன், அழித்தேன். இல்லை என்று எழுதினேன், அதையும் அழித்தேன். பாஸ்போர்ட் முகத்துக்கு அவள் இவ்வளவு மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை. அதற்குமேல் எனக்குத் தெரியாது.)

3

இனி அந்தத் தவறு. எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

சுவரொட்டியைக் கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. முகத்தின் நிறம் இன்னும் அகப்படவில்லை. நெவெனா நிறமே வேண்டாம் என்று முடிவு செய்தாள். கறுப்பு வெள்ளைக்கு மாற்றினாள். நிறமே இல்லாவிட்டால் தப்பான நிறமும் இல்லை. பார்க்கக் கம்பீரமாகவும் இருந்தது.

பிறகு தாளின் அமைப்பு. ஓரம், எழுத்தளவு, படத்துக்கான இடம் எல்லாம் தயாராக இருக்கிற ஒரே அமைப்பு அவள் கணினியில் மரத்துக்கானது. தினமும் அதைத்தான் திறக்கிறாள். கை தானாக அதைத் திறந்தது. கறுப்புக் கட்டம் ‘எடுப்பாக இருக்கட்டும்’ என்று விடப்பட்டது. (இது அவள் சொன்னது. கை பழகிவிட்டால் கண் வேலை செய்யாது என்பது நான் சொல்வது.)

மேலே பெரிய எழுத்தில் ‘பிறந்தநாள் பாடல் கச்சேரி’ என்று போட்டிருந்தாள். மஞ்சள் எழுத்து. தாள் முழுவதையும் கறுப்பு வெள்ளையில் சேமித்தபோது மஞ்சள் என்ன ஆகும்? கிட்டத்தட்ட வெள்ளை. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. பழைய அச்சு இயந்திரம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மிச்சம் இருந்தது: பனயோத் கான்செவ். 60 ஆண்டுகள். சனிக்கிழமை காலை 11 மணி, பண்பாட்டு இல்லம். உற்றாரும் நண்பர்களும் வருக.

ஊரில் தாள் ஒட்டுகிறவர் ஒருவரே. கறுப்புக் கட்டத்தைப் பார்த்தார், வழக்கமான இடங்களில் ஒட்டினார். பனயோத்தின் வீட்டுக் கதவிலும் ஒன்று ஒட்டினார். பனயோத் அப்போது உள்ளே முட்டை பொரித்துக்கொண்டிருந்தான்.

4

பனயோத்துக்கு அக்கா முறையில் ஒருத்தி உண்டு, பெயர் தோத்கா. பேருந்து நிலையத்தில் பத்திரிகைக் கடை வைத்திருப்பவள். சாவுச் செய்தி கேட்டால் அழுவதற்கு முன்னால், இங்கே இறந்தவருக்குப் படைக்கிற கோதுமையை வேகவைத்துவிடுவாள். வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவி எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். செத்தவன் திறந்தான்.

“நீ செத்துட்ட,” என்றாள் தோத்கா.

“யாரு சொன்னா?”

“மரத்துல இருக்கு.”

“நான் இங்க நிக்கிறேன்ல?”

“அச்சடிச்சிருக்கு பனயோத்து. உன் கதவுலயும் இருக்கு பாரு.”

அவன் வெளியே வந்து தன் கதவைப் படித்தான். ஒருமுறை அல்ல. பிறகு அவள் கையிலிருந்த தட்டை வாங்கி ஒரு வாய் போட்டுக்கொண்டான்.

“சர்க்கரை கம்மி.”

“உனக்கு இது போதும்னு நெனச்சேன்,” என்றாள் தோத்கா. பிறகுதான் அவள் முகம் மாறியது. “ஐயோ பனயோத்து, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்.”

மரத்திலிருந்த தாளைக் கைபேசியில் படம் எடுத்து வலென்சியாவுக்கு அனுப்பியிருந்தாள். கோதுமை அடுப்பில் வேகும்போதே.

பதிலும் வந்திருந்தது. “வர்றேன். ஃபோன் பண்ணாதீங்க அத்தை, என்னால பேச முடியாது.”

(இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நிறத்தோடு போன பனயோத்துக்கு நீலக் கோடுகள்தான் கிடைத்தன. நிறமில்லாமல் போன பனயோத்துக்கு விமான டிக்கெட் கிடைத்தது. இதில் அர்த்தம் தேடாமல் தாண்டிப்போக முயன்றேன். முடியவில்லை, அர்த்தமும் கிடைக்கவில்லை.)

5

பனயோத் நெவெனாவின் கடைக்கு வந்தான். திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“மரத்துல இருக்கறதக் கிழிக்க வேணாம்னு சொல்லிட்டேன்.”

“ஏன்?”

“சனிக்கிழமை வரைக்கும் நான் செத்தே இருக்கேன்.”

“உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? ஊர்ல எல்லாரும் உன்னப் பாத்தாச்சு.”

“ஊரு பாத்தா பாக்கட்டும். வலென்சியா பாக்கல.”

நெவெனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “சொல்லிடணும் பனயோத். இன்னைக்கே.”

“சொன்னா வரமாட்டா.”

“சொல்லலன்னா?”

“வருவா.”

“வந்து?”

“வந்து பாப்பா. நான் நின்னுட்டிருப்பேன்.”

“அடி விழும் உனக்கு.”

“விழட்டுமே. அடிக்கணும்னா பக்கத்துல வரணும்ல.”

நெவெனா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு, “அவ அம்மா செத்தன்னைக்கும் நீ பாடிட்டிருந்த. நீ செத்தன்னைக்கும் பாடப் போற. இத அவகிட்ட எப்படிச் சொல்லுவ?” என்றாள்.

“கறுப்புக் கட்டம் நான் போடல,” என்றான் பனயோத். எழுந்து போய்விட்டான்.

அது சரியான இடத்தில் பட்டது. தோத்கா சொல்ல மாட்டாள். தப்பாகச் சொன்னதே தான்தான் என்ற வெட்கத்தில் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டில் இருந்தாள். ராலிட்சாவின் எண் நெவெனாவிடமும் இருந்தது, பள்ளி முடித்த வருஷம் அவளைப் படம் எடுத்தவள் நெவெனாதான். கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அப்படியானால் எழுத்து. “உங்கப்பா நல்லா இருக்கார்” என்று தட்டினாள், அழித்தாள். சாவு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறவளுக்கு அந்த வரி வந்தால் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதானே நினைப்பாள். படம்தான் சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கிறவனின் நிறத்தில் ஒரு படம்.

அன்றுதான் அந்தச் சின்னக் கட்டத்தைக் கண்டுபிடித்தாள். குறி போட்டாள். சின்னப் பெட்டிக்கு மாற்றினாள். தன் கைபேசியில் திறந்து பார்த்தாள். பனயோத் வெயிலில் நின்று வேலை பார்த்த மனிதனாகவே இருந்தான், தழும்பு உட்பட.

இனி அனுப்புவதுதான் பாக்கி. இந்த இடத்தில் அவள் செய்ததை நான் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன், இன்னும் புரியவில்லை. ஜேபெக் அப்படியே போயிருக்கும், அந்த நிமிடமே திறந்திருக்கும். அவள் அதை அனுப்பவில்லை. மறுபடி ‘வேறாகச் சேமி’ என்பதைத் திறந்து டிஃப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாள். எதையும் தூக்கி எறியாத வடிவம். அச்சகங்களுக்கு அனுப்புவது. யானைக் கனம். அதைப் படமாக அல்லாமல், சுருங்கிவிடக் கூடாது என்று ஆவணமாக அனுப்பினாள்.

சாதாரணக் கைபேசி பலவற்றில் அது திறக்காது. முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருப்பவளுக்கு அது…

(வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். முடித்தால் தீர்ப்பாகிவிடும். ஒரு வாரம் முழுக்க ஜேபெக் அவளை ஏமாற்றியது, அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது, அதனால் டிஃப். இது ஒரு நெவெனா. சொல்லவும் வேண்டும், சொன்னது போய்ச் சேரவும் கூடாது, அதனால் டிஃப். இது இன்னொரு நெவெனா. அவளிடமே கேட்டேன். “நிறம் போயிடக் கூடாதுன்னுதான்” என்றாள். அப்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லென்ஸ் சுத்தமாகத்தான் இருந்தது.)

சற்று நேரத்தில் ராலிட்சாவிடமிருந்து பதில் வந்தது. “திறக்கல. பரவால்ல, நேர்ல பாத்துக்கறேன்.”

நெவெனா இரண்டாம் முறை அனுப்பவில்லை.

6

முடிவுகள்.

அ. நெவெனா மறுபடி, திறக்கிற படத்தை அனுப்புகிறாள். ராலிட்சா விமான நிலையத்தில் பார்க்கிறாள், பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறாள். நியாயமான முடிவு. ஆனால் அவள் அனுப்பவில்லை என்று மேலேயே எழுதிவிட்டேன்.

ஆ. பனயோத் தானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிறான். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் அவனைப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

இ. ராலிட்சா கறுப்பு உடையில் அரங்கத்துக்குள் நுழைகிறாள், அவன் பாடிக்கொண்டிருக்கிறான், பாட்டு நிற்கிறது, அரங்கம் எழுந்து… (இதைத் தோத்கா சொல்கிறாள். தோத்கா அன்று அரங்கத்துக்கே போகவில்லை.)

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை, பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால், தலைநகர் சோஃபியாவிலிருந்து பேருந்து வந்தது. நெவெனா நிலையத்தில் நின்றாள். ராலிட்சா இறங்கினாள். அப்பாவின் தாடை.

“நீங்களா வந்தீங்க? தோத்கா அத்தை?”

“அவளுக்குக் கால் வலி.”

“எங்க வச்சிருக்காங்க? வீட்டுலயா, சர்ச்சுலயா?”

“பண்பாட்டு இல்லத்துல.”

ராலிட்சா சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. “போகும்போதும் மேடைதானா இவருக்கு?”

நெவெனா அவள் பையை வாங்கக் கை நீட்டினாள், ராலிட்சா தரவில்லை.

“நீங்க ஒரு படம் அனுப்பினீங்களே. என் ஃபோன்ல திறக்கவே இல்ல. சவப்பெட்டிக்குள்ள இருக்கறதா?”

“இல்ல ராலிட்சா. அது போன வாரம் எடுத்தது.” நெவெனா ஒரு அடி பக்கத்தில் வந்தாள். “இன்னைக்கு எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும்.”

ராலிட்சாவுக்கு அது விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. விளங்கியதும் பையின்மேல் உட்கார்ந்தாள். அழவில்லை, கத்தவில்லை. வழியெல்லாம் அழுது தீர்த்திருந்தாள் என்று நெவெனா நினைக்கிறாள்.

“நான் வர்றது அவருக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேந்து?”

“வியாழக்கிழமையிலேந்து.”

“தெரிஞ்சும் சொல்லல.”

“ம்.”

“நீங்க? வேணும்னேதான் திறக்காத படமா அனுப்பினீங்களா?”

“…”

(இந்தப் புள்ளிகளுக்குப் பதிலாக நெவெனா எனக்கு ஒரு பதில் சொன்னாள். இரண்டு மாதம் கழித்து வேறொரு பதில் சொன்னாள். இரண்டையும் போடவில்லை.)

பேருந்து திரும்பிப் போகத் தயாராக நின்றது. பதினொரு மணிக்குக் கிளம்பிவிடும், அடுத்தது மறுநாள்தான். அரங்கம் ஊரின் மறுகோடியில், மேட்டில் இருக்கிறது. நிலையத்தில் நின்றால் அங்கே பாடுவது கேட்காது. கேட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நான் போய் நின்று பார்த்திருக்கிறேன்.

ராலிட்சா எழுந்தாள். பையைத் தூக்கிப் பேருந்தின் கீழ்ப்படியில் வைத்தாள். வைத்துவிட்டு அதன் கைப்பிடியை விடாமல், ஏறாமல் நின்றாள். ஓட்டுநர் கதவுப் பொத்தானில் விரலை வைத்தபடி எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, ஏறுறியா இல்லையா? கதவச் சாத்தணும்.”

அன்று பேருந்து எந்த மணிக்குக் கிளம்பியது, யார் அதில் இருந்தார்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர் தினமும் இந்தப் பக்கம்தான் வருகிறார். நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். தெரிந்துகொண்டால் யாராவது ஒருவர் பக்கம் சேர வேண்டியிருக்கும்.

பை உங்கள் காலை இடித்துக்கொண்டு இருக்கிறது. படிக்குப் பக்கத்து இருக்கையில் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒன்று, அவள் கையைப் பிடித்து ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பையைக் கீழே தள்ளுங்கள்.